வெளுத்த தாலி

தாலி வெளுத்திருந்ததை முதலில் பார்த்தவள் மாமியார் சாமியம்மாள்தான். அடிபம்பில் தண்ணீர் அடித்துவிட்டுக் கலியம்மாள் குனிந்து குடத்தைத் தூக்கினாள். ரவிக்கைக்குள் கிடந்த மஞ்சள் கயிறு வெளியே விழுந்து தொங்கியது. கயிற்றில் ஒரு பொட்டுத் தாலி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குண்டு. கல்யாணத்துக்குக் குறிஞ்சிப்பாடியில் வாங்கியது. அந்த வீட்டில் தங்கம் என்று சொல்லிக்கொள்ள அதைவிட்டால் வேறொன்றும் கிடையாது. அது ஈயம் பூசின பாத்திரம் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"ஏ பொண்ணு, இன்னாடி இது கழுத்துல?"

"இன்னா அத்த?"

"தாலிடீ. தாலியப் பாருடி."

கலியம்மாள் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தாள். வெள்ளை போகவில்லை, இன்னும் பளபளத்தது. சாமியம்மாள் அப்படியே பம்படி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கம் கறுத்தால் வேர்வை என்பார்கள். கயிறு நைந்தால் ஆடிப் பெருக்கில் மாற்றிக்கொள்வார்கள். தங்கமே வெள்ளையானால் அதற்கு என்ன பேர் சொல்வது? புருஷனை இழந்தவளுக்கு வெள்ளைப் புடவை எடுத்துப் போடுகிற ஊரில் அதற்கு வேறு அர்த்தம் யாருக்குத் தோன்றும்? அன்றைக்குக் கலியம்மாளின் புருஷன் அய்யனாருக்கு முதல் ஷிப்டு. விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு மைன்ஸுக்குப் போயிருந்தான்.

"எம்புள்ள உள்ள எறங்கியிருப்பானேடி இந்நேரம்" என்றாள் சாமியம்மாள்.

மந்தாரக்குப்பத்துக்குப் பின்னால், சுரங்க மண்மேடு தெரிகிற தெரு அது. வளையமாதேவிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள், நடவு இல்லாத மாதங்களில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து, அப்புறம் இங்கேயே கீற்று வேய்ந்து தங்கிவிட்டார்கள். ரெண்டாவது மைன்ஸ் வேலை தொடங்கியிருந்த சமயம். யாரைப் பார்த்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. நெய்வேலியில் மனுஷர்கள் ரெண்டே ஜாதி: பர்மனென்ட், கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்கு பிளாக் நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஷிப்டுச் சங்கு மட்டும் பொது. அய்யனார் ரெண்டாவது ஜாதி. ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துகிற மண்ணை அடியில் நின்று வாரிப்போடுவது அவன் வேலை.

கலியம்மாள் ரெண்டிலும் சேர்த்தியில்லை. அவள் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பல் டாக்டர் கோபாலகிருஷ்ணனிடம் வேலை பார்த்தாள். டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தம்பி ஒருவர் டவுன்ஷிப்பில் இன்ஜினியர், அவரைப் பார்க்க வந்த இடத்தில் வியாபாரம் தெரிந்து போர்டு மாட்டியவர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். அதிர்ந்து பேசத் தெரியாது. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். "கலியம்மா நம்ம வீட்டுப் பொண்ணுல்லா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தச் சொல்லில்தான் அவள் கெட்டாள். வீட்டுப் பெண்ணுக்கு யார் சம்பளம் உயர்த்துவார்கள்? சேரும்போது பேசின எழுபது ரூபாய்தான் ஐந்தாம் வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது. வராத நாளுக்குப் பிடித்தம் உண்டு. அந்தக் கணக்கில் மட்டும் அவள் வெளிப் பெண்.

காலையில் கதவைத் திறந்து பெருக்குவாள். கொறடு, ஊசியெல்லாம் வெந்நீரில் கொதிக்க வைப்பாள். பல் பிடுங்கும்போது தாடையைப் பிடித்துக்கொள்வாள். துப்புகிற கிண்ணத்தைக் கழுவுவாள். மத்தியானம் டாக்டர் வீட்டுக்குப் போய் இட்லிக்கு அரைத்துக் கொடுப்பாள். அங்கே காப்பி உண்டு. அவளுக்கென்று ஒரு டம்ளர் கொல்லைப்புற ஜன்னல் கட்டையில் தனியாக இருக்கும். சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் போட்டுக் கிழிந்த வெள்ளைக் கோட்டைத் தைத்து மாட்டிக்கொண்டால் அவள் வேறு ஆள். "சிஸ்டர், வலிக்குமா சிஸ்டர்?" என்று வடலூர் முந்திரி வியாபாரி கைகட்டிக் கேட்பார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு வயிறு பாதி நிறைந்துவிடும்.

பல்லடைக்கிற வேலையில்தான் அவள் கைராசிக்காரி. சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் வெள்ளித்தூளைப் போட்டு, மெர்குரியை ரெண்டு சொட்டு விட்டு அரைக்க வேண்டும். அப்புறம் அதை இடது உள்ளங்கையில் கொட்டி, வலது கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வெண்ணெய் மாதிரி இளகி, கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பதம். பழைய வேட்டித் துணியில் வைத்து முறுக்கினால் மிச்ச மெர்குரி முத்து முத்தாக வெளியே ஓடிவரும். அதைச் சீசாவில் பிடித்துக்கொள்வார்கள். "கலியம்மா கை பட்டாத்தான் பதம் வருது" என்பார் டாக்டர்.

மிக்ஸ் போடச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் ஒரு காரியம் செய்வார். வலது கையில் போட்டிருக்கும் மோதிரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்து மூடுவார். முருகன் உருவம் பதித்த மோதிரம், திருச்செந்தூரில் வைத்துப் பூஜை பண்ணினது. ஊரான் எச்சிலில் சாமியை முக்கக் கூடாது என்று அவர் பயபக்தியோடு இருப்பதாகக் கலியம்மாள் நினைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் அவளும் தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளப் பழகினாள். பெண்பிள்ளை தாலியைக் கழற்றியா வைக்க முடியும்?

ஆனால் சங்கு ஊதும். எந்த வேலையாக இருந்தாலும் சங்கு கேட்டதும் அவள் கை தாலிக்குப் போகும். உள்ளே விரலை விட்டு எடுத்து, ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் சாமியம்மாள் சொல்லிக் கொடுத்தது: "புருசன் பள்ளத்துல எறங்கறப்ப ஒருவாட்டி, ஏறறப்ப ஒருவாட்டி." மெர்குரி தேய்த்த கையோடு அப்படி எத்தனை தடவை தொட்டிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் அய்யனார் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். தெருமுனையிலேயே நின்றிருந்த சாமியம்மாள் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நான் இன்னா மெட்ராசுக்கா போய் வந்தேன்?"

"சிரிக்காதடா. நாளிக்கி நீ வேலைக்கிப் போவாத."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கேழ்வரகுக் களியின் முன்னால் உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு ஊற்றியிருந்தது. உருட்டின களி கையிலேயே இருந்தது.

"ஒரு நாளு நின்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரும்மா. ரெண்டாவது மைன்ஸ் ஆரம்பிச்சிகினு இருக்கானுங்க. இப்ப வுட்டா அப்பறம் நம்ம பேரு வராது."

"பேரு வந்து இன்னாடா பண்றது? ஆளு இருக்கணும்ல?" சாமியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. தீட்டோட தொட்டியா? கண்டவன் எச்சிக் கையோட தொட்டியா?"

"எச்சி படக் கூடாதுன்னுதான் அத்த உள்ள போட்டுகினு இருக்கேன்."

"அப்பறம் ஏன்டி வெளுத்துது? அந்த ஆசுபத்திரிக்குப் போன நாளா நீ நீயா இல்ல. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சி வுழுவற. வாயில செம்புக்காச வச்சிகினு இருக்காப்பல இருக்குதுன்னு சோத்தத் தள்ளி வுடற. அது ஏதோ ஆவாத எடம். நீ வேலைய வுட்டுடு."

"வுட்டுட்டு?" என்றான் அய்யனார். "போன மழைக்கு கான்ட்ராக்ட் நின்னு போச்சே, மூணு மாசம் யாரு சம்பளத்துல துன்னோம்? நெனப்பு இருக்குதா?"

அய்யனார் களியை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினான். அவனுக்கும் பயம்தான். பெல்ட்டுக்கு அடியில் குனிகிறவன், பயப்படாமல் எப்படி இருப்பான்? ஆம்பிளை என்பதால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கலியம்மாள் தட்டை எடுத்தாள். குழம்பு தளும்பிக் கீழே சிந்தியது. கொஞ்ச நாளாகவே அவள் எடுக்கிற எதுவும் இப்படித் தளும்பிக்கொண்டிருந்தது. வாசலில் கோலம் போட்டால் இழை நெளிந்தது. தூக்கம் போதவில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் கயிறு மட்டும் இருக்க, தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மறுநாள் மாமியாரும் மருமகளும் நகை செய்கிற சிவப்பிரகாசம் பத்தர் கடைக்குப் போனார்கள். பத்தர் தாலியை விரலால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பாதரசத்த எங்க தொட்ட?"

"பாதரசமா? அது இன்னா பத்தரே?"

"வெள்ளியாட்டம் உருண்டையா ஓடும். புடிக்கப் போனா புடிபடாது."

"அய்ய, அதுவா! டாக்டரு மெர்குரின்னுவாரு. தெனமும் அத நாந்தான் கையில தேய்ப்பேன்."

பத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கத்தக் கண்டா அது வுடாதும்மா. உள்ள பூந்துக்கும். வேற ஒண்ணியும் இல்ல. சாமி குத்தமும் இல்ல, பேய் பிசாசும் இல்ல."

கரியடுப்பைக் கடைக்கு வெளியே எடுத்துவந்து வைத்தார். ரெண்டு பேரையும் காற்று அடிக்காத பக்கமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊதினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை போய், மண்ணில் புதைத்து எடுத்த மாதிரி மங்கலாக ஒரு மஞ்சள் வந்தது. பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்ததும் தங்கம் தங்கமாயிற்று. குண்டு ஒன்றில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

சாமியம்மாள் தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேவிட்டாள். "எம்புள்ளைக்கு ஒண்ணியும் இல்ல. மாரியாத்தா, எம்புள்ளைக்கு ஒண்ணியும் இல்ல!"

கலியம்மாள் பத்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் பத்தரே, தங்கத்துல பூந்தது நெருப்புல போட்டதும் போயிடிச்சி. கையில பூந்திருந்தா?"

பத்தர் அடுப்பைக் கிளறினார். "அது எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பா கோயில் கலசத்துக்கெல்லாம் முலாம் பூசறவரு. இந்த ரசத்த வச்சித்தான் பூசுவாரு. கடசீல அவரால டம்ளரு தூக்க முடியல. கை அப்பிடி ஆடும், ஆயிதான் ஊட்டி வுடும். இதனாலதானா, வயசாயா, யாரு கண்டா?"

கலியம்மாள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் சாமியம்மாள் வாய் ஓயவில்லை. நேற்றைக்கு ஆகாத இடமாக இருந்த ஆஸ்பத்திரி இன்றைக்கு ஒன்றும் குற்றமில்லாத இடமாகிவிட்டது.

"இதானா சங்கதி! இதுக்குப் போயி வேலைய வுடச் சொன்னேனே. நீ போவறப்ப தாலியக் கழட்டி வூட்டு மாடத்துல வச்சிட்டு, மஞ்சக் கயிறு மட்டும் கட்டிகினு போ. ஒரு தொல்லையும் இல்ல."

"அத்த."

"இன்னா?"

"என் கை நடுங்குது அத்த."

சாமியம்மாள் நின்று அவள் கையைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி நடந்தாள். "சோறு துன்னா சரியாயிடும்" என்றாள். மகன் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தவளிடம் மருமகளுக்கு வைத்துக்கொள்ள மிச்சப் பயம் இல்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன? நான் செத்தால் இந்த வீட்டில் எது வெளுக்கும் என்று கலியம்மாள் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது ஒரு கடைக்காரர் கடைவாய்ப் பல்லடைக்க வந்திருந்தார். அவர் வாயில் பஞ்சு. டாக்டர் மோதிரத்தைக் கழற்றி டிராயரைத் திறந்தார்.

"சார், மோதரத்த ஏன் சார் கழட்டறீங்க?"

டாக்டர் யோசிக்கவில்லை. "மெர்குரி பட்டுதுன்னா தங்கம் போயிரும்லா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கலியம்மாள் கல்வத்தைத் தொடாமல் நின்றாள்.

"எனக்கு ஒரு நாளும் சொல்லலியே சார்."

"என்னத்த?"

"எந்தாலி வெளுத்துப் போச்சி சார். எங்க வூட்ல எம்புருசனுக்குச் சாவு வந்திடுச்சின்னு சோறு எறங்காம கெடந்தோம்."

"அடடா." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீ தங்கம் போட்டிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா."

ஐந்து வருஷம் பக்கத்திலேயே நின்றவள். வீட்டுப் பெண். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கலியம்மாளுக்கு ஆத்திரம் வந்ததா அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"தங்கம் கெடக்குது சார். எங்கை நடுங்குது. பல்லு ஈறெல்லாம் வீங்கிகினு ரத்தம் வருது. தங்கத்துக்குள்ள பூந்துக்கறது கைக்குள்ள பூராதா?"

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாதும்மா. நாங்க படிக்கையில நாங்களுந்தான் கையில வச்சு அரைச்சோம். சோப்பு போட்டு நல்லாக் கழுவு. ஈறுக்கு உப்புத் தண்ணி கொப்புளி."

"கைக்கு ரப்பர் ஒறை வாங்கிக் குடுங்க சார். இல்லன்னா துணியில வச்சே பெசையறேன்."

"ரப்பர் உறையில பதம் தெரியாது. ஒவ்வொரு பல்லுக்கும் உறை மாட்டினா கட்டுப்படியாகுமா, நீயே சொல்லு."

"அப்ப சம்பளமாச்சும் ஏத்திக் குடுங்க. ஒடம்பு போவுதுன்னா மருந்துக்காவது ஆவும். அஞ்சி வருசமா அதே எழுவது ரூவா சார்."

நாற்காலியில் கிடந்த கடைக்காரர் பஞ்சோடு திரும்பிப் பார்த்தார். டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாளே என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. குரலை உயர்த்தாமலே சொன்னார்: "கலியம்மா, நான் உன்னை வேலைக்காரியா நடத்தல. நீதான் இப்பம் வேலைக்காரி மாதிரி பேசுத. பிடிச்சா இரு. பிடிக்கலன்னா கோட்டைக் கழட்டி வச்சிரு."

டிராயரை அவள் பார்த்தாள். "நீங்க மோதரத்தக் கழட்டி வச்சிட்டீங்க. நான் எங்கைய எங்க சார் கழட்டி வைக்கறது?"

அவள் கோட்டைக் கழற்றி, மடித்து, ஸ்டூல் மேல் வைத்தாள். அன்றைக்கு அந்தப் பல்லுக்கு டாக்டரே மெர்குரி அரைத்து அடைத்திருக்க வேண்டும்.

சாமியம்மாள் ஒப்பாரியே வைத்தாள். கும்பிட்டு வாங்கின வேலையை வாயால் கெடுத்துக்கொண்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள். அய்யனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"நேரா கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"அந்த ஆளு மூஞ்சப் பாத்தா?"

"மூஞ்சப் பாத்துதான்."

"நான் எங்க மேஸ்திரிய ஒரு நாளும் கேட்டதில்ல" என்றான் அய்யனார்.

அவர்கள் பயந்தபடியே அய்யனாரின் கான்ட்ராக்ட் புரட்டாசியில் முடிந்து, புதுசு வரவில்லை. கலியம்மாள் குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் வெந்து தோல் உரிந்தது. எரியும். ஆனால் எரிகிறது என்று தெரியும், எங்கே என்று தெரியும், சாம்பலைத் தொட்டுக்கொள்ளலாம். இரவில் களி ஒரு வேளையாயிற்று. கை நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நிற்கவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைத்தெரு வழியாக வந்தவள், பல் ஆஸ்பத்திரியின் கொல்லைப்புறத்தில் தன் கோட்டைப் பார்த்தாள். தான் போட்ட தையல் தோளில் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண். சாக்கடை ஓரம் குந்தி, கண்ணாடிக் கல்வத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதில் பித்தளைத் தோடு, கையில் கண்ணாடி வளையல். கழுத்தில் ஒன்றுமில்லை.

"உம்பேரு இன்னாம்மா?"

"பாப்பான்னு பேருக்கா. நீங்கதான் கலியம்மாக்காவா? முன்ன இருந்தீங்களாமே." சிரித்த முகமாகப் பேசினாள். "டாக்டரு தங்கமான ஆளுக்கா. என்னைச் சேக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ஒங்கிட்ட தங்கம் எதனா இருக்குதாம்மான்னு. ஒரு குண்டுமணி இல்ல சார்னேன். நல்லதாப் போச்சின்னு உடனே வேல குடுத்துட்டாரு. நகை நட்டு இல்லாத ஏழபாழைக்குத்தான் வேல தரணும்னு அவருக்கு அப்பிடி ஒரு மனசு."

கலியம்மாளுக்கு விளங்கியது. அவர் மாற்றிக்கொண்டது இதைத்தான். கையில் அரைப்பதை மாற்றவில்லை. உறை வாங்கவில்லை. வெளுத்துக் காட்டிக்கொடுக்க உடம்பில் ஒன்றுமில்லாத பெண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

"பாப்பா, மெர்குரிய எதுல தேய்க்கிற?"

"கையிலதான்க்கா. கீச்சுன்னு சத்தம் வர வரைக்கும். இப்பக்கூட ரெண்டு பல்லுக்குப் போட்டேன்." பெருமையாக இடது கையை விரித்துக் காட்டினாள். ரேகைகளில் சாம்பல் நிறமாக அப்பியிருந்தது.

"அது வெசம்டீ. உள்ள பூந்துக்கும்."

"அய்ய, கழுவுனா போயிடும்க்கா. டாக்டரே சொன்னாரு." வேலை போன பொறாமையில் பேசுகிறாள் என்று அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பசித்த வயிற்றுக்கு யார் சொல்வது எட்டும்?

கலியம்மாள் ரவிக்கைக்குள் விரலை விட்டாள். பத்தர் நெருப்பில் மீட்டுக்கொடுத்த தாலி மஞ்சளாக வெளியே வந்தது. வீட்டில் சாமியம்மாள் இருக்கிறாள். நாளையே கான்ட்ராக்ட் வந்தால் அய்யனார் பெல்ட்டுக்கு அடியில் குனிவான். எல்லாம் தெரிந்துதான், கயிற்றோடு குனிந்து, தாலியைப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். கட்டைவிரலால் தேய்த்தாள்.

"அய்யோ, இன்னாக்கா பண்றீங்க? தாலிக்கா!"

"பாரு."

பாப்பா பார்த்தாள். மஞ்சள் ஓர் ஓரத்தில் மங்கியது. அப்புறம் நடுவில். தேய்க்கத் தேய்க்கப் பரவி, பொட்டு முழுக்க வெள்ளையாயிற்று. பாப்பா கையை உதறிப் பின்னுக்கு இழுத்தாள். பாவாடையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"கையிலேர்ந்தா வந்துது? எங்கையிலேர்ந்தா?"

"ஒங்கையிலேர்ந்துதான்."

உள்ளேயிருந்து டாக்டர் "பாப்பா, அடுத்த மிக்ஸ்" என்று கூப்பிட்டார். டிராயர் திறந்து மூடுகிற சத்தம் கொல்லைவரை கேட்டது. அதே நேரத்தில் ஷிப்டுச் சங்கு ஊதத் தொடங்கியது. பழக்கத்தில் கலியம்மாளின் கை தாலிக்குப் போயிற்று. கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. வெளுத்த தாலியை ரவிக்கைக்கு வெளியே தெரியும்படியே போட்டுக்கொண்டு, பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.